நலவாழ்வுப் பகுதி: கருவுற்ற தாயின் உணவும் செரிமானமும்

மருமகள் முழுகாமல் இருக்கிறாள் என்ற மகிழ்ச்சியான செய்தி வீட்டில் பரவியதும் இரண்டு பட்டியல்கள் தயாராகிவிடுகின்றன. அவளுக்கு எதையெல்லாம் கொடுக்கவேண்டும் என்பது ஒன்று; எதையெல்லாம் கண்ணிலும் காட்டக்கூடாது என்பது மற்றொன்று. இவற்றுள் இரண்டாவது பட்டியலே எப்பொழுதும் நீளமானது. பப்பாளியும் அன்னாசியும் எள்ளும் தொடக்கத்திலேயே அதில் இடம்பெற்றுவிடும். பிறகு அவளுடைய வயிறு தொல்லை கொடுக்கும்போதெல்லாம் மற்றவை ஒவ்வொன்றாகச் சேரும். மீன் குழம்பின் மணத்துக்கு ஓங்கரித்தால் மீன் ஆகாது. பால் அருந்தியபின் நெஞ்சு எரிந்தால் பால் ஆகாது. கீரை உண்ட மறுநாள் வயிறு உப்பினால் கீரை ஆகாது. ஏழாம் மாதம் வளைகாப்பு நடைபெறும் வேளையில் அவள் உண்பது பெரும்பாலும் சோறும் இரசமும் மட்டுமே என்னும் நிலை வந்துவிடுகிறது.

இதன் விளைவு சிறியதன்று. 2019 முதல் 2021 வரை நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் கருவுற்ற பெண்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 52 பேர் இரத்தச்சோகை உடையவர்கள். அதற்கு வறுமை ஒரு காரணம். கிடைக்கும் உணவையும் ஆகாது என்று ஒதுக்கிவிடுவது மற்றொரு காரணம். ஆகவே, கருவுற்ற காலத்தில் வயிறு ஏன் இவ்வாறு நடந்துகொள்கிறது, எந்த உணவை உண்மையிலேயே விலக்கவேண்டும், எந்த உபாதையை அலட்சியம் செய்யலாகாது என்பவற்றை இம்மாதம் காண்போம்.

உடலில் நிகழ்வது என்ன?

கருவுற்றவுடன் புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன் உடலில் மிகுதியாகச் சுரக்கிறது. கருப்பையின் தசைகள் சுருங்கிக் குழந்தையைக் காலத்துக்கு முன் வெளியே தள்ளிவிடாதபடி அவற்றைத் தளர்த்தி வைப்பது இதன் வேலை. ஆனால் இது கருப்பையோடு நின்றுவிடுவதில்லை. உணவுக்குழல், இரைப்பை, குடல், பித்தப்பை ஆகியவற்றிலும் அதே வகைத் தசைகளே உள்ளன. அவையும் தளர்கின்றன. இரைப்பையின் வாயிலை இறுக மூடிவைக்கும் தசை தளர்வதால் புளித்த நீர் மேலேறுகிறது. குடல் மெல்ல அசைவதால் மலம் இறுகுகிறது. பித்தப்பை முழுவதும் சுருங்காமையால் பித்தநீர் தேங்குகிறது. மாதங்கள் ஏற ஏறக் கருப்பை வளர்ந்து இரைப்பையை மேல்நோக்கி நெருக்குவதும் இவற்றோடு சேர்ந்துகொள்கிறது.

இதில் ஒரு நன்மையும் உண்டு. கருவுற்ற பெண்ணின் குடல், உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்தை முன்பைவிட ஏறத்தாழ இரு மடங்கு உறிஞ்சிக்கொள்கிறது. இரும்புச் சத்தை உறிஞ்சும் ஆற்றலும் மாதம் ஏற ஏறக் கூடுகிறது. ஆனால் உணவில் சத்து இருந்தால்தானே உடலால் உறிஞ்ச முடியும்? தாயின் உடல் இரு கைகளையும் நீட்டிக் கேட்கும் வேளையில் நாம் இலையிலுள்ளதைக் குறைத்துவிடுவது எவ்வளவு பொருத்தமற்றது!

மசக்கை

கருவுற்ற பெண்களுள் பத்துப் பேரில் ஏழெட்டுப் பேருக்குக் குமட்டலோ வாந்தியோ ஏற்படுகிறது. இது பெரும்பாலும் ஆறாம் வார அளவில் தொடங்கி, ஒன்பதாம் வார அளவில் உச்சத்தை அடைந்து, 16 முதல் 20 வாரங்களுக்குள் பெரும்பாலோருக்கு அடங்கிவிடும். காலையில் மட்டுமே வரும் என்பது தவறு. எந்த வேளையிலும் வரலாம்.

மசக்கையின் காரணம் நெடுங்காலம் தெளிவாகவில்லை. அதனால் பல பெண்கள் தேவையற்ற பழியைச் சுமந்தார்கள். “நாங்களும்தான் பிள்ளை பெற்றோம், இப்படியா படுத்துக்கொண்டோம்?” என்னும் சொல்லைக் கேளாத மருமகள் அரிது. சில மருத்துவர்களும்கூட இதனை மனத்தின் கோளாறு என்றே எழுதிவைத்தார்கள். 2023ஆம் ஆண்டு டிசம்பரில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தாரும் பிற நாட்டு அறிஞர்களும் இணைந்து வெளியிட்ட ஆய்வு இப்பழியைத் துடைத்தது. ஜி.டி.எஃப். 15 என்னும் ஒரு புரதம் கருவிலிருந்தும் நஞ்சுக்கொடியிலிருந்தும் தாயின் இரத்தத்தில் கலக்கிறது. மூளையில் குமட்டலைத் தூண்டுவது இதுவே. கருவுறுமுன் எந்தப் பெண்ணின் இரத்தத்தில் இப்புரதம் குறைவாக இருந்ததோ, அவளே கருவுற்றபின் மிகுதியாக அல்லலுறுகிறாள். அவள் உடல் அதற்குப் பழகியிராததே காரணம். தாலசீமியா என்னும் இரத்தக் குறைபாட்டால் இப்புரதம் இயல்பாகவே மிகுந்திருக்கும் இலங்கைப் பெண்களுக்கு மசக்கை குறைவாக இருந்ததையும் அவ்வாய்வு எடுத்துக்காட்டியது. ஆகவே ஒருத்திக்கு மசக்கை கடுமையாகவும் இன்னொருத்திக்கு இலேசாகவும் இருப்பது மனவுறுதியைப் பொறுத்ததன்று.

மசக்கையில் வயிற்றை வெறுமையாக விடலாகாது; வெறும் வயிறு குமட்டலை மிகுவிக்கும். காலையில் படுக்கையைவிட்டு எழுமுன் இரண்டு ரொட்டித் துண்டோ ஒரு கைப்பிடிப் பொரியோ மென்று உண்டு, கால்மணி நேரம் கழித்து எழுவது நல்லது. மூன்று வேளை வயிறு நிறைய உண்பதற்குப் பதிலாக ஆறு வேளை சிறிது சிறிதாக உண்ணலாம். உணவோடு சேர்த்து நிறைய நீர் அருந்தாமல் இடைவேளைகளில் அருந்துவது நலம். சூடான உணவின் மணம் ஒத்துக்கொள்ளாதவர்கள் ஆறிய இட்லி, தயிர்ச்சோறு, பழங்கள் ஆகியவற்றை எளிதில் உண்பார்கள். இஞ்சி சிறிதளவு உதவும். தாளிக்கும் வேலையையும் மீன் பொரிக்கும் வேலையையும் இச்சில வாரங்களுக்குக் கணவரோ வீட்டிலுள்ள பிறரோ ஏற்றுக்கொள்வது எந்த மருந்துக்கும் குறைந்ததன்று.

மருந்து தேவைப்பட்டால் பி6 என்னும் வைட்டமினும், நெடுநாள் பழக்கத்தால் தீங்கற்றவை என அறியப்பட்ட சில மாத்திரைகளும் உள்ளன. ஆயினும் மருத்துவரின் சீட்டின்றிக் கடையில் கேட்டு வாங்கி விழுங்கலாகாது. 1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு என்னும் மருந்தை மசக்கைக்கு நல்லது என்று பல நாட்டுப் பெண்கள் உட்கொண்டார்கள். 1961இன் இறுதியில் அம்மருந்து திரும்பப் பெறப்படுவதற்குள் உலகெங்கும் பதினாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் கை கால் குறைபாட்டுடன் பிறந்துவிட்டனர்.

நாவின் வெறுப்பும் உடலின் ஒவ்வாமையும்

“ஒத்துக்கொள்ளவில்லை” என்ற ஒரே சொல்லால் நாம் மூன்று வெவ்வேறு நிலைகளைக் குறிப்பிடுகிறோம். இவற்றைப் பிரித்து அறிவது அவசியம்.

முதலாவது, வெறுப்பு. நேற்றுவரை விரும்பி அருந்திய காப்பியும் இறைச்சியும் மீனும் இப்பொழுது மணத்தாலேயே குமட்டுகின்றன. இது உணவின் குற்றமன்று. மசக்கையோடு வந்து பெரும்பாலும் மசக்கையோடு போய்விடும். நான்காம், ஐந்தாம் மாதத்தில் அவ்வுணவைச் சிறிதளவு மீண்டும் கொடுத்துப் பார்க்கவேண்டும். அதுவரை மீனுக்குப் பதிலாகப் பயறும், இறைச்சிக்குப் பதிலாக முட்டையோ கொண்டைக்கடலையோ இலையில் இருக்கட்டும்.

இரண்டாவது, செரிக்க இயலாமை. பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் பொருள் சிலருடைய குடலில் இயல்பாகவே குறைவு. அவர்களுக்குப் பால் அருந்தினால் வயிறு உப்பும், பேதியாகும். அவர்கள் பாலைத் தயிராகவும் மோராகவும் உண்டால் பெரும்பாலும் தொல்லையிராது. கேழ்வரகும் சுண்ணாம்புச் சத்துக்குச் சிறந்தது. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்குமேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. முள்ளோடு மென்று உண்ணும் நெத்திலியும் அத்தகையதே.

மூன்றாவதே உண்மையான ஒவ்வாமை. குறிப்பிட்ட ஓர் உணவை உண்டவுடனோ இரண்டு மணி நேரத்துக்குள்ளோ உடலில் தடிப்பு, உதடும் கண்ணிமையும் வீங்குதல், மூச்சுத் திணறல், மயக்கம் ஆகியவை தோன்றுமாயின் அவ்வுணவை முற்றிலும் விலக்கி மருத்துவரை நாடவேண்டும். மூச்சுத் திணறினால் ஒரு நொடியும் தாமதிக்கலாகாது. இறாலுக்கோ நண்டுக்கோ முன்பே ஒவ்வாமை உடையவர்கள் கருவுற்றபின் அது நீங்கியிருக்கும் என்று சோதித்துப் பார்க்கவும் கூடாது.

இவை மூன்றுமன்றி, உணவல்லாத பொருள்மீது எழும் ஆசை ஒன்றும் உண்டு. மண், சாம்பல், சுவர்ச் சுண்ணாம்பு, பச்சரிசி ஆகியவற்றைச் சில பெண்கள் மறைவாகத் தின்பார்கள். இது நம் முன்னோர் அறிந்த செய்தியே. புறநானூற்றின் இருபதாம் பாடலில் குறுங்கோழியூர் கிழார் என்னும் புலவர் சேர மன்னனைப் புகழும்போது, உன் நாட்டு மண்ணைச் சூல்கொண்ட மகளிர் ஆசையால் உண்பார்களேயன்றிப் பகைவர் உண்ண இயலாது என்னும் கருத்தைப் பாடுகிறார். அன்று புலவருக்கு அது அழகிய உவமைப் பொருள். இன்று மருத்துவருக்கு அது ஓர் அறிகுறி. மண் தின்னும் ஆசை பெரும்பாலும் இரும்புச் சத்துக் குறைவோடு சேர்ந்தே காணப்படுகிறது. மண்ணோடு புழு முட்டைகளும் ஈயம் போன்ற நச்சுப் பொருள்களும் வயிற்றுக்குள் செல்லக்கூடும். ஆகவே ஏளனம் செய்யாமல் அழைத்துச் சென்று இரத்தப் பரிசோதனை செய்விக்கவேண்டும்.

நெஞ்செரிச்சல்

ஆறாம் மாதத்துக்குப் பிறகு பலரையும் வருத்துவது இது. இரவு உணவை ஏழு, ஏழரை மணிக்குள் முடித்துக்கொண்டு, இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கவேண்டும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் பலகையோ செங்கல்லோ வைத்து ஒரு சாண் உயர்த்தலாம். இடப்பக்கம் சாய்ந்து படுத்தால் புளித்த நீர் மேலேறுவது குறையும். காரக்குழம்பு, எண்ணெயில் பொரித்தவை, கடுங்காப்பி ஆகியவற்றைக் குறைக்கவேண்டும். ஆப்பசோடாவை நீரில் கரைத்துக் குடிக்கும் பழக்கம் வேண்டாம். அதிலுள்ள உப்புச் சத்து உடலில் நீர் கோத்துக்கொள்ளச் செய்யும். மருத்துவர் கொடுக்கும் அமில நீக்கி மருந்துகள் தீங்கற்றவை. ஆனால் அவற்றை இரும்புச் சத்து மாத்திரையோடு சேர்த்து உட்கொள்ளலாகாது. இரண்டுக்கும் இடையில் இரண்டு மணி நேரமாவது இருக்கவேண்டும்.

மலச்சிக்கலும் இரும்பு மாத்திரையும்

நான்காம் மாதத்திலிருந்து நாள்தோறும் உட்கொள்ளுமாறு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாக வழங்கப்படும் மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன. குறைந்தது 180 நாள்கள் அதனை உட்கொள்ளவேண்டும். மலம் கறுத்துப் போகிறது, வயிறு கட்டிக்கொள்கிறது என்று பலர் அதனைப் பரணில் போட்டுவிடுகிறார்கள். மலம் கறுப்பது இரும்பினால்தான், அதனால் தீங்கில்லை. மலச்சிக்கலுக்கு வழி, மாத்திரையை நிறுத்துவதன்று. நாள்தோறும் எட்டுப் பத்துக் குவளை நீர், இரண்டு வேளைக் காய்கறி, கொய்யா, வாழைப்பழம், மாலையில் அரைமணி நேர நடை ஆகியவற்றால் பெரும்பாலோருக்குக் குணமாகும். போதாவிடில் இசப்கோல் உமியை நீரில் கலந்து அருந்தலாம். விளக்கெண்ணெய் வேண்டாம், கடும் பேதியையும் கருப்பைச் சுருக்கத்தையும் அது தூண்டக்கூடும். இரும்பு மாத்திரையைத் தேநீருடனோ பாலுடனோ உட்கொண்டால் சத்து உடலில் சேராது. எலுமிச்சை நீரோடு இரவில் உட்கொள்வது நல்லது, குமட்டலும் குறையும்.

கீரையை ஒதுக்குபவர்கள் ஒரு வரலாற்றை அறியவேண்டும். 1928ஆம் ஆண்டில் லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் மருத்துவர் பம்பாய்க்கு வந்து, நெசவாலைகளில் வேலை செய்த கருவுற்ற பெண்களைக் கொல்லும் ஒருவகை இரத்தச்சோகையை ஆராய்ந்தார். மறு ஆண்டில் நம் குன்னூரிலுள்ள பாஸ்டர் ஆய்வகத்திலும் அவர் பணிபுரிந்தார். அவர்களுடைய உணவில் ஏதோ ஒன்று குறைகிறது என்பதை உணர்ந்து, ஈஸ்டின் சாற்றைக் கொடுத்து அந்நோயைக் குணப்படுத்தினார். அதில் இருந்த சத்தை 1941இல் அறிஞர்கள் பசலைக் கீரையிலிருந்து பிரித்தெடுத்து, இலை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லால் ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். கருவுற்ற பெண்ணுக்குக் கீரை எவ்வளவு தேவை என்பதற்கு அப்பெயரே சான்று.

உண்மையில் விலக்கவேண்டியவை

இவை சிலவே. காய்ச்சாத பால், சரியாக வேகாத முட்டையும் இறைச்சியும், கழுவாத பச்சைக் காய்கறி, திறந்து வைத்து விற்கும் பண்டங்கள் ஆகியவை கிருமிகளைக் கொண்டுவரும். மது அறவே ஆகாது. காப்பியும் தேநீரும் நாளொன்றுக்கு இரண்டு சிறு குவளைக்கு மேல் வேண்டாம். பப்பாளிக் காயின் பால் கருப்பையைச் சுருக்கக்கூடும் என்பதால் காயை விலக்குவது சரியே. நன்கு பழுத்த பழத்தை அளவோடு உண்பதால் தீங்கு நேர்ந்ததாகச் சான்றில்லை. சுறா போன்ற பெரிய கடல்மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும். கருவுற்ற காலத்தில் சுறாப்புட்டைத் தவிர்த்து மத்தி, நெத்திலி போன்ற சிறு மீன்களை உண்ணலாம்.

“வாய்வு” என்று விட்டுவிடலாகாதவை

நம் வீடுகளில் வயிற்றில் எது நேர்ந்தாலும் வாய்வு என்று சொல்லி ஓமநீரோ பெருங்காயமோ கொடுப்பது வழக்கம். பலவேளை அது சரியாகவும் இருக்கும். ஆனால் பின்வருவனவற்றில் காத்திருப்பது உயிருக்கே கேடாகலாம்.

1. ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு மேல்வயிற்றில், சிறப்பாக வலது விலாவுக்குக் கீழே, கடும் வலி. அதனோடு தலைவலி, கண் மங்குதல், முகமும் கைகளும் திடீரென வீங்குதல். இது மிகை இரத்த அழுத்தத்தால் கல்லீரல் பாதிக்கப்பட்டதன் அறிகுறியாக இருக்கலாம். வலிப்பு வருமுன் மருத்துவமனையை அடையவேண்டும்.

2. நீரும் வயிற்றில் தங்காத வாந்தி. ஒரு நாளில் சிறுநீர் மிகக் குறைந்து கடும் மஞ்சளாகப் போதல். முன்னிருந்த எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு, அதாவது 50 கிலோ எடையுள்ளவர் இரண்டரைக் கிலோ, குறைதல். நூற்றில் ஒருவர் இருவருக்கு இந்நிலை ஏற்படும். நரம்பு வழியாக நீர் ஏற்றவேண்டியிருக்கும்.

3. கடைசி மூன்று மாதங்களில் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தடிப்பில்லாத அரிப்பு, இரவில் மிகுதல். பித்தநீர் இரத்தத்தில் கலப்பதன் அடையாளம் இது. குழந்தைக்கு ஆபத்து விளையக்கூடும்.

4. கண் மஞ்சளாதல், காய்ச்சலோடு வயிற்றுவலி, வாந்தியிலோ மலத்திலோ இரத்தம், விட்டு விட்டு இறுக்கிப் பிடிக்கும் அடிவயிற்று வலி.

இவற்றுள் ஒன்று தோன்றினும் நள்ளிரவாயினும் 108க்கு அழைக்கத் தயங்கவேண்டாம்.

பலரும் கேட்கும் வினாக்கள்

தாய் நிலக்கடலையும் முட்டையும் உண்டால் குழந்தைக்கு ஒவ்வாமை வருமா?

வராது. 1998இல் பிரிட்டனில், ஒவ்வாமை உள்ள குடும்பத்துக் கருவுற்ற பெண்கள் நிலக்கடலையைத் தவிர்க்கலாம் என்று அறிவுரை வழங்கினார்கள். அதனால் பயன் உண்டு என்பதற்குச் சான்று இல்லாமையால் 2009இல் அவ்வறிவுரையை விலக்கிக்கொண்டார்கள். தாய்க்கே ஒவ்வாமை இருந்தாலன்றி விலக்கத் தேவையில்லை.

நிறைய உண்டால் குழந்தை பெரிதாகிப் பிரசவம் கடினமாகும் என்கிறார்களே?

இந்த அச்சத்தால் உணவைக் குறைப்பது தவறு. குறைத்து உண்ட தாய்க்கு எடை குறைந்த குழந்தை பிறக்கும் வாய்ப்பே மிகுதி. அக்குழந்தையைக் காப்பாற்றுவதே கடினம். அதே வேளை, இருவருக்காக இரு மடங்கு உண்ணவும் வேண்டாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கின்படி வழக்கத்தைவிட நாளொன்றுக்கு 350 கலோரி கூடுதலாகப் போதும். இரண்டு இட்லி, ஒரு குவளைப் பால், ஒரு வாழைப்பழம் ஆகியவை ஏறத்தாழ அவ்வளவே.

தவக்காலத்தில் கருவுற்ற பெண் ஒருசந்தி இருக்கலாமா?

நோயுற்றோரையும் கருவுற்றோரையும் பாலூட்டுவோரையும் ஒருசந்தி கட்டுப்படுத்துவதில்லை என்பது திருச்சபையின் நெடுநாளைய வழக்கம். நீண்ட நேரம் வெறும் வயிற்றோடு இருப்பது குமட்டலையும் சோர்வையும் மிகுவிக்கும். ஆகவே மனம் கலங்காமல் வேளைக்கு உண்பதே முறை. வீட்டிலுள்ள பெரியவர்கள் இதனை முன்வந்து எடுத்துச் சொன்னால் இளம் தாய்மார் ஆறுதல் அடைவார்கள்.

முடிவாக ஒன்று. கருவுற்றவளின் வயிறு தொல்லை கொடுக்கும்போது, “எந்த உணவை நிறுத்துவது?” என்று முதலில் கேட்கவேண்டாம். “எந்த வேளையில், எவ்வளவு, எந்த வடிவில் கொடுப்பது?” என்று கேளுங்கள். பாலைத் தயிராக்கியும், மூன்று வேளையை ஆறாக்கியும், சூட்டை ஆற்றியும் கொடுத்தால் பெரும்பாலான உணவுகள் இலைக்குத் திரும்பிவிடும். வீட்டில் விலக்குப் பட்டியல் நீண்டிருந்தால் அதனைக் குறித்து எடுத்துக்கொண்டு அடுத்த பரிசோதனைக்குச் செல்லும்போது மருத்துவரிடமோ கிராமச் செவிலியரிடமோ காட்டுங்கள். அதில் உண்மையாகவே நிற்கவேண்டியவை ஒன்றிரண்டே இருக்கும்.

அடுத்த மாதம்: பாலூட்டும் தாயின் உணவு.